முன்சீப் கேட்ட கேள்வி

மாற்றல் ஆணை வந்ததும் நம் இல்லங்களில் எழும் பெருமூச்சை நாம் அறிவோம். அத்தகைய மாற்றல் ஒன்று டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வையே திருப்பிற்று.

1880-இல் அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். அவரைக் காணச் சென்ற ஐயர் அவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. என்னென்ன கற்றீர் என்ற வினாவிற்கு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என அடுக்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் அல்லரோ! முதலியார் வியக்கவில்லை. இவற்றால் என்ன பயன் என்றார். சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் கற்றதுண்டா என்றார். ஐயர் அந்நூல்களைக் கண்ணால் கண்டதும் இல்லை.

குறை கூறியதோடு நின்றிருப்பின் முதலியாரை இன்று யார் நினைப்பர்? சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதி ஒன்றையும் அவரே கொடுத்துதவினார். பொருள் விளங்காத இடங்களுக்கு ஐயர் சமணர் இல்லங்களை நாடினார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தார். 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலம்பும், 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. நம் சங்க மேடைகளில் பிள்ளைகள் கண்ணகியாய் நின்று வழக்குரைக்குங்கால், நம்மைப் போல் அரசுப் பணியில் ஊர் மாறிய அம்முன்சீபை நாம் நினைப்பதில்லை.

மணிமேகலை 1898-இல் வெளிவந்தபோது முதலியார் இல்லை, 1892-இலேயே மறைந்துவிட்டார்.