பழக்குதல்: நுகத்தடியும் பிஸ்டனும்

ரீபோர் செய்த என்ஜினை முதல் ஆயிரம் மைல் எப்படி ஓட்டுவது என்று மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும், தமிழாசிரியரையன்று. ஆயினும் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் உமணர் வண்டியில் இந்தச் சிக்கல் முழுமையாக இருக்கிறது. எருதுகள் நுகத்துக்குப் பழகாத இளையவை. ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியில் என்ன நேருமோ என்று உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். அந்த அச்சைத்தான் ஔவை, அதியமான் மகன் எழினிக்கு உவமையாக்குகிறார்.

உப்பு வண்டி திண்டிவனத்துக்கு அந்நியமானதன்று. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் பகுதி என்றும் அறிஞர் கொள்வர். மரக்காணத்தில் உப்பளங்கள் இன்றும் உள்ளன.

மோட்டார் வந்தபின் பழக்க வேண்டியது எருதை அன்று, இரும்பை என்றாயிற்று. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது சென்னை மாகாணப் பேருந்துகள் பின்புறம் உலையைச் சுமந்து கரிவாயுவில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய கலன்களைத் தயாரித்தது. வடிகட்டிக்குத் தப்பிய சாம்பல்துகள் சிலிண்டர் சுவரை அரத்தைப் போல அராவும். என்ஜினைத் திறந்து ரீபோர் செய்யும் தேவை அடிக்கடி வரும். பிஸ்டனோ கப்பலில் வர வேண்டிய பொருள். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது 1949இல்தான்.

கடைந்த சிலிண்டர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், ஹோனிங் கல் குறுக்கும் நெடுக்குமாய் இட்ட நுண்கோடுகள் அதில் இருக்கும். புது ரிங்குகள் அவற்றின் முகடுகளை மட்டும் தேய்த்து, பள்ளங்களில் எண்ணெய் தங்க விட்டு, சுவரோடு பொருந்த வேண்டும். பட்டறை வழக்கில் இதற்கு ‘ரிங் செட் ஆவது’ என்று பெயர். முழுப் பாரம் ஏற்றி விரட்டினால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதற்கு அஞ்சி வண்டியைத் தொட்டிற்பிள்ளையாய் வைத்திருப்பதும் தவறுதான். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தம். அது போதாவிட்டால் சுவர் மினுங்கிக் கண்ணாடியாகும், ரிங் செட் ஆகாது, வண்டி எண்ணெய் குடித்துக்கொண்டேயிருக்கும். மிதமான பாரமும் மாறிமாறி வரும் வேகமுமே வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களின் பின்கண்ணாடியில் ‘என்ஜின் பழகுகிறது, முந்திச் செல்லவும்’ என்னும் பொருளில் ஆங்கில அறிவிப்பு ஒட்டுவார்கள். இத்தனை பணிவான வாசகம் சாலையில் வேறெதுவும் இல்லை என்பது நம் எண்ணம்.

ஒரே பேருந்தைக் கடனில் வாங்கியவருக்கு அந்தப் பணிவு கட்டுப்படியாகாது. பட்டறையில் நின்ற நாட்களின் வசூலை முதல் நடையிலேயே ஈடுகட்டப் பார்ப்பார். புது என்ஜின் மீது கூரைச் சுமையும் ஏறும். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது பொதுத்துறைக்குக் கிடைத்த பெரும் வசதி, மாற்று வண்டி இருந்தது என்பதே. உமணரின் மாற்று அச்சு இங்கே பணிமனையாக வளர்ந்திருந்தது எனலாம். பெயர்ச் சர்ச்சைகளுக்குப் பின் 1997இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) ஆயிற்று.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கி.மீ., ஏறக்குறையச் சமதரை. மாட்டுவண்டிகளும் ஊர்க்கடைகளும் குறுக்கிட்ட பழைய சாலை, ஓட்டுநர் விரும்பாமலே வேகத்தை மாற்ற வைத்தது. நாற்கரச் சாலை ஒரே வேகத்தில் அழைத்துப்போகிறது. என்ஜின் பழக்க அது உகந்ததன்று. திண்டிவனத்தில் செஞ்சிப் பக்கம் திரும்பி, ஊர்களுக்குள் புகுந்து வருவதே நல்லது. வந்ததும் முதல் எண்ணெயைச் சூடாறுமுன் வடித்துவிட வேண்டும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அதில் இரும்புத்துகள் மின்னும்.