கோடீஸ்வரன் வழக்கும் மேன்முறையீட்டின் எல்லையும்

மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றம் வழக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் எவ்வெப் பிழைகள் உள்ளன என மனுவிற் காட்டப்படுகின்றனவோ அவற்றையே அது பெரும்பாலும் ஆராயும். 1889 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 758 ஆம் பிரிவில் இவ்விதியைச் சிறிது தளர்த்தியது. மனுவிற் கூறாத நியாயத்தையும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆயின் எதிர்த்தரப்பினர் அதுபற்றிப் பேசப் போதிய வாய்ப்பளியாது அதன்மேல் தீர்ப்பை நிறுத்தலாகாது. எனினும், கூறப்பட்ட நியாயங்கள் அனைத்தையும் தீர்த்தே ஆகவேண்டுமென்னும் கட்டாயம் நீதிபதிகளுக்கு இல்லை. இவ்விடைவெளியிலேதான் கோடீஸ்வரன் வழக்கின் தலையாய வினா நழுவிற்று.

அரசாங்க எழுதுவினைஞர் சேவையிலிருந்த கோடீஸ்வரன், 1961 ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கை விதித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகருமமொழிச் சட்டம், சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு மாறானது. ஆதலின் அச்சட்டமும் அதன்வழி வந்த சுற்றறிக்கையும் செல்லா என்று அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். 1964 இல் நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார்.

சட்டமா அதிபர் மேன்முறையிட்டார். அங்கே வினாக்கள் இரண்டு நின்றன: மொழிச்சட்டம் செல்லுமா? முடியின் ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிமீது வழக்கிடலாமா? 1967 இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜி. பி. ஏ. சில்வாவும் இரண்டாவதனை மட்டும் எடுத்து, வழக்கிட இயலாதென விடையிறுத்தனர். அவ்விடையே வழக்கை முடித்துவிட்டமையால் முதல் வினாவுக்குள் அவர்கள் புகவில்லை. தேவையின்றி அரசியலமைப்பைத் தொடாமை நீதிபதிகளுக்குரிய நல்லடக்கமே எனச் சட்டம் பயின்றார் சொல்வர். வழக்காளியோ அவ்வினாவுக்காகவே படியேறியவர்.

பின்னர் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. இலங்கையில் முடியின் ஊழியர் சம்பளத்துக்கு வழக்கிடலாம் என 1969 டிசம்பர் 11 இல் டிப்ளொக் பிரபு தீர்ப்புரைத்தார். ஆயின் மொழிச்சட்டம் பற்றி உயர் நீதிமன்றத்தின் கருத்து இல்லாத நிலையில் அதனைத் தாமே முடிவுசெய்யாது, கவுன்சிலார் வழக்கை அந்நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பினர்.

கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழேயுள்ள கேகாலை மாவட்டத்தில், ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிலிருந்து எழுந்த கோடாக்கன்பிள்ளை வழக்கின் போக்கு வேறு. பிரசாவுரிமைச் சட்டமும் வாக்குரிமைத் திருத்தமும் 29 ஆம் பிரிவை மீறினவா என்பதே அங்கு வினா. ஒதுங்குவதற்கு வேறு வழி இருக்கவில்லை. ஆகவே 1953 இல் பிரிவிக் கவுன்சில் விடையளித்தது, மலையகத் தமிழருக்கு எதிராக.

கோடீஸ்வரனுக்கு அத்தகைய விடைதானும் கிட்டவில்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவு இல்லை. சிங்களமே அரசகரும மொழியென்னும் ஏற்பாடு 7 ஆம் பிரிவாக யாப்பினுள்ளேயே இடம்பெற்றது. உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பிய வினா தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது.