ஒன்பது அவுன்சும் ஒரு தட்டும்: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்துச் சரிவிகித உணவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

1951ஆம் ஆண்டுப் பங்கீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வழங்கப்பட்ட தானியம் 9 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 255 கிராம். 2024ஆம் ஆண்டின் தேசிய உணவு வழிகாட்டி பரிந்துரைக்கும் தானியம் 250 கிராம். முன்னது பசியின் அடையாளம். பின்னது சரிவிகித உணவின் ஒரு பகுதி. ஒரே அளவு இரு வேறு பொருள் கொண்டமைக்கான காரணத்தை விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சரிவிகித உணவு, பங்கீடு, சிறுதானியம், சத்துணவு, பால், கரிசல்.

முன்னுரை

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின்கள், தாது உப்புகள் ஆகியவை உடலின் தேவைக்கேற்ற விகிதத்தில் அமைந்த உணவே சரிவிகித உணவு. தனியொரு உணவுப்பொருள் இவை அனைத்தையும் போதிய அளவில் தருவதில்லை. ஆகவே பல வகைப் பொருள்கள் ஒருங்கே தட்டில் இடம்பெற வேண்டும் என்பது ஊட்டச்சத்தியலின் அடிப்படை. ஆயினும் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் அரசுகள் மக்களின் உணவைப் பெரும்பாலும் தானிய எடையாலேயே அளந்து வந்துள்ளன. இவ்வளவுகோலின் போதாமையும் அது மெல்ல மாறிய விதமும் வரலாற்று நோக்கில் கருதத்தக்கவை.

1. எடையா, வகையா: மாகாண அளவிலான விவாதம்

இவ்விவாதத்தின் தொடக்கம் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் உள்ளது. 1877இல் பஞ்ச நிவாரணப் பணியாளருக்குரிய கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் வழிசெய்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். கடும் உடலுழைப்புக்கு இவ்வளவு தானியம் போதாது என்பதோடு, பருப்பும் காய்கறியும் இன்றி உடல் நலிவதைத் தடுக்க இயலாது என்பதும் அவரது வாதத்தின் சாரம். உணவின் அளவோடு அதன் வகையும் நிருவாகத்தின் பொறுப்பே என்னும் கருத்து இதன்வழி மாகாண ஆவணங்களில் இடம்பெற்றது.

அடுத்த கட்டம் குன்னூரில் நிகழ்ந்தது. அங்கு இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வு பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1935 முதல் வாலஸ் அய்க்ராய்டு அதற்குத் தலைமை வகித்தார். ஆலையில் தீட்டிய பச்சரிசியை மிகுதியாக உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் நிலைகொண்டிருந்தது; புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நிலை இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேலுறையிலுள்ள தயமின் உள்ளே ஊடுருவித் தீட்டிய பின்னும் ஓரளவு எஞ்சுவதே இதற்குக் காரணம். இல்லங்களில் வழிவழியாகக் கையாளப்பட்ட ஒரு பக்குவமுறை பெருநோய் ஒன்றைத் தடுத்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

2. இரு நிலங்கள், இரு வகைச் சோறு

இவ்வட்டாரத்தின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை அமைந்துள்ளது. மலையடிவாரத்தில் ஓடைகளாலும் கண்மாய்களாலும் நெல் விளைந்தது. கிழக்கே விரியும் கரிசல் மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, பயறு வகைகள் அதன் விளைபொருள்கள். கரிசல் வழக்கில் கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு என்பனபோல நெல்லுச்சோறும் அடைமொழியோடே சுட்டப்பட்டது. சோறு என்னும் சொல் அரிசியை மட்டும் குறிக்கவில்லை என்பதற்கும், நெல்லுச்சோறு விழாக்கால உணவாகக் கருதப்பட்டதற்கும் இவ்வழக்கு சான்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் வழிபாட்டில் கூடாரவல்லி நாளன்று படைக்கப்பெறும் அக்காரவடிசில் அரிசி, பால், நெய், வெல்லம் ஆகியவற்றால் ஆனது. அவை அன்றாடம் எளிதில் கிட்டாத பொருள்கள்.

ஊட்டச்சத்து நோக்கில் இவ்வுயர்வு தாழ்வு தலைகீழானது. 100 கிராம் தீட்டிய அரிசியில் புரதம் 7 முதல் 8 கிராம். இரும்பு 1 மில்லிகிராமிற்கும் குறைவு. அதே அளவு கம்பில் புரதம் ஏறத்தாழ 11 கிராம். இரும்பு 6 முதல் 8 மில்லிகிராம். கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமிற்கும் மேல். தானியப் புரதத்தில் குறையும் லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பயறு ஈடுசெய்கிறது. கம்பங்கூழோடு மோரும் பயற்றுத் துவையலும் சேர்ந்த உணவு இவ்வகையில் பொருத்தமானதே. எனினும் மானாவாரி நிலத்தின் உணவை இலட்சிய உணவாகப் போற்றுவது பிழை. மழை பொய்த்த ஆண்டில் தானியமும் பயறும் ஒருசேரக் குறைந்தன. பாலும் கீரையும் பருவத்தையும் வீட்டு நிலையையும் சார்ந்தே கிடைத்தன. வகை இருந்தும் அளவு உறுதியற்றதாக இருந்தது.

1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் ஆலை இவ்வமைப்பில் ஒரு மாற்றத்தைக் குறிக்கிறது. வயற்கூலி தானியமாகவும் அளக்கப்பட்டது. ஆலைக்கூலியோ பணமாகக் கிடைத்தது. பணக்கூலி பெற்ற குடும்பத்திற்கு உணவு என்பது விளைவதை உண்பது என்பதிலிருந்து விலைக்கு வாங்குவது என மாறியது.

3. பங்கீட்டு ஆண்டுகள்

இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். அவரது ஆட்சிக்காலம் கடும் உணவுத் தட்டுப்பாட்டுக் காலமாகவும் அமைந்தது. 1951இன் தொடக்கத்தில் இந்திய அரசு தானியப் பங்கீட்டை 12 அவுன்சிலிருந்து 9 அவுன்சாகக் குறைத்தது. 255 கிராம் அரிசி தரும் ஆற்றல் ஏறத்தாழ 900 கலோரி. உழைக்கும் ஒருவரின் தேவையில் பாதிக்கும் குறைவு. 1952 தேர்தலில் குமாரசாமி ராஜா தோல்வியுற்றார். அத்தேர்தலில் காங்கிரசு அடைந்த பின்னடைவுக்கு உணவுத் தட்டுப்பாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அடுத்து முதலமைச்சரான இராஜாஜி அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அரசியல் விவாதம் முழுவதும் தானியத்தைச் சுற்றியே நிகழ்ந்தது. பருப்பு, பால், காய்கறி ஆகியவற்றுக்கு அத்தகைய பங்கீட்டு உறுதி எதுவும் இல்லை. 9 அவுன்சு பசியை உண்டாக்கியதற்குத் தானியம் குறைந்தது மட்டும் காரணமன்று. தானியத்தைத் தவிர வேறெதுவும் பலரது தட்டில் இல்லாததும் காரணம்.

4. தட்டு விரிந்த முறை

விருதுநகரில் பிறந்த காமராசரின் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, பசியைப் போக்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச்செய்வதை முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், இவ்வட்டாரம் அப்போது உள்ளடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டமும் இடம்பெற்றது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்திற்குத் துணையுணவு அளிப்பது அதன் முறை. வழங்கிய உணவின் எடைக்கு மாற்றாகக் குழந்தையின் எடை அளவுகோலாயிற்று என்பதே இத்திட்டத்தின் வரலாற்றுச் சிறப்பு.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய திட்டம் சத்துணவு என்னும் பெயரையே பெற்றது. 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 2010இல் அது வாரத்திற்கு ஐந்தாக உயர்ந்தது. 2007இல் நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பும் பாமாயிலும் சிறப்பு வழங்கலில் சேர்ந்தன. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அரிசியைச் சுற்றிப் பருப்பும் முட்டையும் காய்கறியும் ஒவ்வொன்றாக இடம்பெற ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

5. பாலும் பால்கோவாவும்

1930களில் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் தென்னிந்திய விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்து வழங்கியபோது, அவர்களின் உயரமும் எடையும் மேம்பட்டன. இம்முடிவு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனிப் பொருத்தம் உடையது. குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில் விரைவில் கெடும் பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சுவது அதனைக் காக்கும் வழியாகவும் தொலைவிடங்களில் விற்கும் வழியாகவும் அமைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அது கறவை வளர்ப்போருக்கு வருமானம் தருகிறது. ஆனால் அவ்வருமானம் அவர்தம் பிள்ளைகளின் பாலாகத் தானே மாறிவிடுவதில்லை. பாலின் புரதமும் கால்சியமும் பால்கோவாவில் செறிந்திருப்பினும், சர்க்கரையும் உடன் செறிந்திருப்பதால் அது பாலுக்கு மாற்றாகாது.

முடிவுரை

2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரிக்கான தட்டில் 250 கிராம் தானியத்தோடு 400 கிராம் காய்கறி, 300 மில்லிலிட்டர் பால், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகை, 100 கிராம் பழம் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. 1951இன் 9 அவுன்சு நடைமுறையில் தட்டாகவே இருந்தது. 2024இல் அதே அளவு தட்டின் ஒரு மூலை. இவ்வேறுபாடே சரிவிகிதம் என்பதன் வரலாற்றுப் பொருள்.

இம்மாற்றம் இன்னும் நிறைவுறவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது, 40.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோர். வயிறு நிறைந்தும் சத்துக் குறைவு நீங்கவில்லை என்பதை இவ்விரு எண்களும் ஒருங்கே காட்டுகின்றன. ஆகவே இவ்வட்டாரத்தின் உணவு வரலாற்றை ஆராய்வோர் நெல் விளைச்சல், அரிசி வழங்கல், பால் விற்பனை ஆகியவற்றின் கணக்கோடு நின்றுவிடாமல், விளைந்ததில் எவ்வளவு விளைவித்தோரின் தட்டுக்குச் சென்றது என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். 1877இல் கார்னிஷ் எழுப்பிய கேள்வி அங்கேயே விடை காணும்.