பனிப் போர்வைக்குக் கீழே ஓர் ஏரி

ஏரி என்றதும் நம் மனக்கண்ணில் வருபவை கரை, மதகு, கலங்கல், வந்து இறங்கும் கொக்குக் கூட்டம். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஓர் ஏரி இவ்வுலகில் உண்டு. தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கனமுள்ள பனிக்கட்டிக்கு அடியில், சூரிய ஒளியே படாமல் அது கிடக்கிறது. பெயர் வோஸ்டாக் ஏரி. நீளம் சுமார் 250 கி.மீ., அகலம் சுமார் 50 கி.மீ. சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு நேர்க்கோடு இழுத்தால் எவ்வளவோ, அவ்வளவு நீளம்!

"பனிக்கு அடியில் தண்ணீர் எப்படி உறையாமல் இருக்கும்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஏரிக்கு நேர் மேலே உள்ள வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி. ஆனால் பூமியின் உள்சூடு கீழிருந்து மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேறாமல் பனியே ஒரு கம்பளிபோல் காக்கிறது. போதாததற்கு, மேலே இருக்கும் பனியின் பாரத்தால் நீர் உறையும் வெப்பநிலையும் சற்று இறங்கிவிடுகிறது. ஆகவே நீர், நீராகவே நிற்கிறது.

கண்டறிந்த கதை

சோவியத் நாடு வோஸ்டாக் நிலையத்தை நிறுவியது 1957-இல். தங்கள் காலடியில் ஒரு பெரும் ஏரி இருப்பது அங்கு தங்கியிருந்தவர்களுக்கு அப்போது தெரியாது. 1959-லும் 1964-லும் ஆந்திரே கபிட்சா என்ற ரஷ்ய அறிஞர் அங்கே வெடி வைத்து, அதன் அதிர்வலைகளைக் கொண்டு பனியின் கனத்தை அளந்தார். 1970-களில் விமானத்தில் ரேடார் கருவியுடன் பறந்த ஆய்வாளர்கள், பனிக்கடியில் நீர் இருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டார்கள். 1990-களில் ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஒன்று, அவ்விடத்துப் பனிப்பரப்பு விசித்திரமாகத் தட்டையாக இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 1996-இல் ரஷ்ய, பிரிட்டிஷ் அறிஞர்கள் இணைந்து ஏரியின் இருப்பை உலகுக்கு அறிவித்தார்கள்.

தொடலாமா, கூடாதா?

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. ஏரி இருப்பது தெளிவாகும் முன்பே, பண்டைக்காலத் தட்பவெப்பத்தை அறிய அதே இடத்தில் பனியைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பனித்தண்டு சுமார் 4,20,000 ஆண்டுகளின் வரலாற்றைச் சொன்னது. துளை மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் ஊற்றியிருந்தது என்ன தெரியுமா? மண்ணெண்ணெயும் ஃப்ரியானும் கலந்த திரவம், சுமார் 60 டன்! 1998-இல் துளை 3,623 மீட்டரை எட்டியது. ஏரிக்கு இன்னும் அதிகத் தூரம் இல்லை. அங்கே நிறுத்திவிட்டார்கள்.

பல லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடக்கும் நீர் அது. அதில் உயிர் உண்டா என்று பார்க்கப் போகிறவர்கள், தங்கள் கிருமியையும் மண்ணெண்ணெயையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால்? ஏரியும் கெட்டது, ஆய்வும் கெட்டது. கிடைக்கும் நுண்ணுயிர் ஏரியுடையதா, நம்முடையதா என்று யார் சொல்வது? துளையின் அடிப்பகுதியில் கிடைத்தது, ஏரி நீரே உறைந்து உருவான பனி. அதில் பாக்டீரியா இருப்பதாக 1999-இல் கட்டுரைகள் வந்தபோதே இந்தச் சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

ஆகவே முதலில் திட்டம், பிறகுதான் துளை என்றாயிற்று. அண்டார்க்டிகா ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் நெறிமுறை 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெரிய பாதிப்பு நேரக்கூடிய பணி எதுவானாலும் விரிவான மதிப்பீட்டு வரைவைக் குறைந்தது 120 நாட்கள் முன்னதாக உறுப்பு நாடுகளின் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற நாடுகள் குறை சொல்லலாம். 1983 முதல் அந்தக் கூட்டத்தில் வாக்குரிமையுள்ள நாடு நம் இந்தியா என்பது நமக்குப் பெருமை.

மூன்று முயற்சிகள்

ரஷ்யர்கள் ஒரு யுக்தி வகுத்தார்கள். துளையிலுள்ள திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், ஏரி நீர் தானே மேலே பீறிட்டு உறையும். பிறகு அதை வெட்டி எடுக்கலாம், திரவமும் ஏரிக்குள் இறங்காது. 2012 பிப்ரவரி 5 அன்று ஏரியைத் தொட்டார்கள். ஆனால் நீர் எதிர்பார்த்ததைவிட உயரமாக ஏறித் திரவத்தோடு கலந்தது. மாதிரிகள் சுத்தமானவையா என்ற விவாதம் தொடர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் குழு, எல்ஸ்வொர்த் ஏரிக்கு மேலே வெந்நீரைப் பாய்ச்சித் துளையிட்டது. மண்ணெண்ணெய் இல்லை, கருவிகள் எல்லாம் கிருமி நீக்கப்பட்டவை. ஆனால் 300 மீட்டர் ஆழத்தில் இரண்டு துளைகளை இணைக்க முடியவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று முயற்சியைக் கைவிட்டார்கள். பல ஆண்டு உழைப்பு! ஆனாலும் அவசரப்பட்டு ஏரியைக் கெடுக்கவில்லை.

2013 ஜனவரியில் அமெரிக்கக் குழு, 800 மீட்டர் பனியைத் துளைத்து வில்லன்ஸ் ஏரியை அடைந்தது. துளையிடும் வெந்நீரையே வடிகட்டி, புறஊதாக் கதிரால் சுத்தப்படுத்தி அனுப்பினார்கள். ஏரியின் ஆழம் சுமார் இரண்டே மீட்டர். ஆனால் ஒரு மில்லி லிட்டர் நீரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்ச் செல்கள்! வெளிச்சமே இல்லாமல், பாறைத் துகள்களின் வேதிப்பொருள்களை உண்டு வாழும் உயிர்க்கூட்டம். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன.

பெரிய ஏரியை முதலில் தொட்டவர்களைவிட, சின்ன ஏரியைச் சுத்தமாகத் தொட்டவர்களுக்கே தெளிவான விடை கிடைத்தது. இன்று பனிக்கடியில் நானூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இன்னும் தொடப்படாதவை. நம் இளைய தலைமுறையில் யாரேனும் ஒருவர், நம் நாட்டின் மைத்ரியிலோ பாரதியிலோ பணிபுரியும் நாள் வரலாம். அன்று அவர் கையில் துளைப்பான் இருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்ற அறிவும் கூடவே இருக்கட்டும்.