ஓர் இறாத்தல் பாண்



திருகோணமலையில் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியது 1624ஆம் ஆண்டிலாகும். பதினைந்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆயினும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற 'பாண்' என்னும் சொல்லை எவராலும் கைப்பற்ற இயலவில்லை. அதனை நிறுக்க நாம் வழங்கும் 'இறாத்தல்' அராபிய மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் 16 அவுன்சுப் பவுண்டுக்கும் அப்பெயரே நிலைத்தது.

சீனியும் பருப்பும் கடைக்காரரின் தராசில் ஏறுகின்றன. பாண் ஏறுவதில்லை. 'ஒரு இறாத்தல்' என்று கேட்கிறோம், கொடுத்ததை வாங்குகிறோம். பெயரே அதன் எடைச்சீட்டு.

அப்பெயர் பொய்த்தால் சட்டம் என் செய்யும்? 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியின் விலையை நிலைநிறுத்திவிட்டு, கோதுமை விலைக்கேற்ப அதன் எடையைக் கூட்டியும் குறைத்தும் விதித்தார்கள். எடையில் வஞ்சித்தவனுக்குத் தண்டமும், சில வேளைகளில் ஊரறியக் கட்டையில் பூட்டி நிறுத்தலும் கிடைத்தன. இலங்கையில் நிறுத்தல் அளத்தல் பற்றிய கட்டளைச் சட்டம் 1946இல் இயற்றப்பெற்றது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இவை தராசையும் படிக்கற்களையும் காத்தன. தராசேறாத பாணுக்கு வேறு காவல் வேண்டியிருந்தது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏற, பாணின் விலையும் ஏறியது. எடை குறைகிறது என்னும் முறைப்பாடும் எழுந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, 2024 பெப்ரவரியில் வர்த்தமானி வாயிலாக முழுப்பாணுக்கு 450 கிராம், அரைப்பாணுக்கு 225 கிராம் என நியமித்தது. பழைய இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம் என்பதை நினைவிற் கொள்க! மாவிலுள்ள நீர் அடுப்பில் ஆவியாகும். ஆறும்போதும் எடை சற்றுக் குறையும். ஆதலின் முழுப்பாணில் 13.5 கிராமும் அரைப்பாணில் 9 கிராமும் குறையலாம் என இடங்கொடுக்கப்பட்டது. இது நியாயமே. அதற்கு மேற்பட்டதை அடுப்பின் மேற் சுமத்த இயலாது.

நாளொன்றுக்கு ஒரு பாண் வாங்கும் துறைமுகத் தொழிலாளியின் வீட்டை எண்ணுங்கள். பாணொன்றில் 50 கிராம் குறைந்தால், முப்பது நாளில் 1,500 கிராம். அதாவது மூன்று பாணுக்கு மேல். 1980இல் இயங்கத் தொடங்கிய சீனன்குடா மாவாலைக்குக் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்திறங்குவதை அவர் கண்ணெதிரே காண்கிறார். அங்கே தொன் கணக்கில் நிறுக்கப்படும் தானியம், அவர் கைக்கு வரும்போது நிறுக்கப்படாமலே வருகிறது.