பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்: நம் பெயர் பற்றிய ஒரு வரலாறு

ஆங்கில இலக்கணம் கற்கத் தொடங்கும் மாணாக்கர் முதலில் இடறும் இடம் பெயர்ச்சொல்லின் பாகுபாடேயாகும். ‘கோட்டை’ என்பது காமன் நவுன். ‘புதுக்கோட்டை’ என்பது பிராப்பர் நவுன். ‘ஆறு’ பொது, ‘வெள்ளாறு’ சிறப்பு. ஓரினத்துப் பொருள் எல்லாவற்றிற்கும் பொருந்துவது முன்னது. ஒன்றனை மட்டும் சுட்டி அழைப்பது பின்னது. பின்னது வாக்கியத்தில் எங்கு வரினும் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுதல் வேண்டும். நம் தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற வேற்றுமை இல்லையாதலால் பிள்ளைகள் மயங்குகின்றனர். நன்னூல் பயின்றவரோ இன்னும் மயங்குவர். நன்னூலார்க்கு ‘மரம்’ பொதுப்பெயர், ‘பனை’ சிறப்புப்பெயர். ஆங்கிலேயர்க்கோ பனையும் காமன் நவுனே. இரண்டு இலக்கணமும் ஒன்றெனக் கொள்வோர் மதிப்பெண் இழப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், நம் தெருப் பிள்ளை, ஆங்கில அகராதியை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். “ஐயா, சாதிப் பெயர், இனப் பெயரெல்லாம் பிராப்பர் நவுன் என்றீர்களே. இது நம் பெயர்தானே? ஏன் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்?” என்று கேட்டான். அவன் விரல் ‘பரையா’ என்னும் சொல்லின்மேல் நின்றது. எதிரே, சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் எழுதியிருந்தது. அன்று நான் கூறிய விடை போதாது. அதனை இம்மலரில் நிறைவு செய்ய முயல்கின்றேன்.

பறையர் என்பது ஒரு மக்கட் பிரிவின் பெயர். புறநானூற்றின் 335-ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து நான்கு குடிகளாக எண்ணுகின்றது. அங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பெயர் ஆங்கில நூல்களில் ஏறிவிட்டது. கடற்கரைக்கு வந்த ஐரோப்பியர், பறையர், பள்ளர், அருந்ததியர் எனத் தனித்தனிப் பெயர் கொண்ட மக்களையெல்லாம் இவ்வொரு சொல்லால் அழைக்கலாயினர். ஒரு குடியின் பெயர் பல குடிகளுக்கும் பொதுவான அன்றே அது பொதுப்பெயராகும் பாதையில் இறங்கிவிட்டது. 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் தெ சேன்-பியேரின் கதையொன்று இச்சொல்லை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று. பின்னர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் யூத மக்களைக் குறிக்கவே இதனை ஆண்டார். இன்று உலக நாடுகள் விலக்கிவைத்த ஒரு நாட்டையும் செய்தித்தாள்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. எழுதுவோருள் எத்தனை பேர், இப்பெயருடைய மக்கள் தமிழகத்தில் வாழ்கின்றனர் என்பதை நினைக்கின்றனர்?

விலங்குகளையும் பறவைகளையுங்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. தெருநாய்க்கு இப்பெயரைச் சூட்டினர். வெண்தலையும் செந்நிற உடலும் கொண்ட செம்பருந்துக்குப் ‘பிராமினி கைட்’ என்றும், ஊரெங்கும் பறக்கும் கரும்பருந்துக்குப் ‘பரையா கைட்’ என்றும் பெயரிட்டனர். வானத்திலும் வருணம் கண்டவர்கள்!

இதற்கு நம் முன்னோர் இருவகையில் விடை கண்டனர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் சென்னையில் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பெயரை மறைப்பதில்லை, நிமிர்ந்து சொல்வது என்பது அவர் துணிவு. அவருடைய உறவினரான பண்டிதர் அயோத்திதாசரோ அப்பெயரை ஏற்க மறுத்து, நாம் இம்மண்ணின் பூர்வத் தமிழர் என்றார். 1907-இல் அவர் தொடங்கிய இதழ் பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. ஒருவர் பறிபோன பெயரை மீட்க முயன்றார். மற்றவர் வேறு பெயரைத் தேர்ந்தார். இருவருள் எவர் சரி என்று கேட்டால், இருவரும் செய்தது ஒரே செயல் என்பேன். தம் பெயரைத் தாமே இட்டுக்கொண்டனர்.

அரசாங்கத் தாள்களிலோ ‘பஞ்சமர்’ என்ற சொல் வழங்கிற்று. ஐந்தாமவர் என்பது அதன் பொருள். அது பெயரே அன்று, எண். இதனை மாற்ற முன்வந்தவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா அவர்கள் என்பதில் எம்போன்ற ஆசிரியர்க்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அவர் முயற்சியால் 1922-இல் சென்னைச் சட்டமன்றம் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என வழங்கத் தீர்மானித்தது. அவ்வாண்டே அரசாணையும் பிறந்தது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் தனிச் சமஸ்தானம். 1948-இல்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ஆதலால் சென்னை ஆணை அன்று நம் ஊர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அரசியல் சட்டப்படி 1950-இல் வெளியான அட்டவணையில் நம் சாதிகளின் பெயர்கள் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் அச்சாகியுள்ளன. அகராதி பறித்த எழுத்தைச் சட்டம் திருப்பித் தந்தது எனலாம்.

நம் குடியிருப்பின் பெயருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ‘சேரி’ என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறிக்கும் பொதுச்சொல். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அவ்வூர்ப் பிராமணர் வாழ்ந்த பன்னிரண்டு பகுதிகளையும் சேரி என்றே குறிக்கின்றன. புதுச்சேரி ஒரு மாநகரின் பெயர். அதனைச் சொல்ல எவரும் கூசுவதில்லை. அச்சொல்லே பிற்காலத்தில் நம் தெருவுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. அதன் பின் ‘காலனி’ வந்தது. ஆங்கிலத்தில் குடியேற்றம் என்று மட்டுமே பொருள்படும் காமன் நவுன் அது. நகரங்களில் வங்கி ஊழியர் காலனியும் உண்டு, ஆசிரியர் காலனியும் உண்டு. கிராமத்திலோ ‘காலனிக்காரன்’ என்றால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி எழுதும்போது, பிள்ளைகள் அச்சொல்லை மட்டும் குரல் தாழ்த்திச் சொல்வதை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கின்றேன்.

29-4-2025 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீக்கியபின் அவ்விடத்தில் என்ன எழுதுவது என்பதே இப்போது நம்முன் உள்ள வேலை. எங்கள் தெருப் பெரியவர்களைக் கேட்டேன். ஒருவர் கண்மாயின் பெயரைச் சொன்னார். ஒருவர் பழைய புஞ்சையின் பெயரைச் சொன்னார். மூன்றாமவர் கிணறு வெட்டிய தம் பாட்டனார் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவு இன்னும் எட்டவில்லை. அடுத்த கிராமசபைக்கு மூன்றையும் எழுதி எடுத்துச் செல்கின்றோம்.