அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள்

புற்றுநோய் என்றாலே மரணம் என்று நம் முன்னோர் அஞ்சிய காலம் அது. தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற பேச்சு அதிகாரத்தில் இருந்தோரிடமும் எழுந்தது. அம்மையார் தளரவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதற்கே உழைத்தார்.

ஆறாத வாய்ப்புண்ணையும் மார்பில் தோன்றும் கட்டியையும் நம் தாய்மார் இன்றும் மறைக்கிறார்கள். (புகையிலை போடுவதை மட்டும் யாரும் மறைப்பதில்லை!) துணைக்கு ஆளின்றிச் சிகிச்சையைப் பாதியில் விட்ட குடும்பங்களை நம் பங்கிலேயே நாம் அறிவோம். வீடு சந்திக்கச் செல்லும் வின்சென்ட் தே பவுல் சபையார் இதையும் விசாரிப்பார்களாக.